பினாங்கிலிருந்து எங்கள் கடற்கரைப் பள்ளிக்கு

கேள்வி கேட்டவர் பினாங்கில் பிறந்து வளர்ந்த 23 வயதுப் பெண். பாட்டனார் தொண்டிப் பக்கத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறியவர். இவருக்குத் தமிழ் சரளமாகப் பேச வரும், வாசிப்பது எழுத்துக் கூட்டித்தான். ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு பள்ளியில் மூன்று மாதம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வேண்டும், சனி ஞாயிறுகளில் ஊர் சுற்ற வேண்டும் என்பது ஆசை. இதற்கு ஏற்பாடு செய்துதருவதாக ஒரு நிறுவனம் பெருந்தொகை கேட்கிறதாம். கொடுக்கலாமா, என்ன அனுமதி வேண்டும், எந்த மாதம் நல்லது, என்ன கொண்டுவரலாம் என்று கேட்டிருக்கிறார்.

நான் இந்த மாவட்டத்தில் திருப்புல்லாணி, மண்டபம், ஆர்.எஸ். மங்கலம் ஒன்றியப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். உங்கள் வயதில் எனக்குப் பேத்தி இருக்கிறாள். அதனால் இடையிடையே குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பணம். அந்த நிறுவனத்திடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஊர், எந்தப் பள்ளி? அந்தப் பள்ளித் தலைமையாசிரியரோடு நான் முன்கூட்டியே தொலைபேசியில் பேச முடியுமா? நான் கொடுக்கும் தொகையில் எவ்வளவு எதற்குப் போகிறது? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். பள்ளி என்று சொல்லிவிட்டுக் கடைசியில் ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில் கொண்டுபோய் விடுகிறவர்களும் உண்டு. குழந்தைகள் தங்கும் இல்லம் எதுவானாலும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஊருக்குப் போய் நண்பர்களிடம் பணம் திரட்டி அனுப்புகிறேன் என்றும் அவசரப்பட்டு வாக்குக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்க இங்கே தனிச் சட்டமும் தனிப் பதிவும் உண்டு. அது இல்லாத அமைப்புக்கு நீங்கள் அனுப்பும் பணம் அவர்களுக்கே வழக்காக முடியும்.

இனி நான் கண்ட இரண்டு சம்பவங்கள். பெயர்கள் வேண்டாம்.

பல ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து ஒரு குழு எங்கள் பள்ளிக்கு வந்தது. எட்டுப் பேர், மூன்று வாரம். நல்ல பிள்ளைகள், குறை சொல்ல மாட்டேன். வந்த இரண்டாம் நாளே ஆசிரியர்களை ஓய்வறையில் உட்காரச் சொல்லிவிட்டு வகுப்புகளைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். பாட்டு, ஆட்டம், கைதட்டல், ஒரே கொண்டாட்டம். சுவர் முழுக்க ஆங்கில எழுத்துகளை வரைந்து, ‘ஐ’ எழுத்துக்கு எஸ்கிமோக்களின் பனிவீட்டையும் வரைந்தார்கள். வெயில் காலத்தில் ஓட்டுக் கூரையின் கீழ் வெந்துகொண்டிருக்கிற பிள்ளைகளுக்குப் பனிவீடு! புறப்பட்ட அன்று எல்லோரும் அழுதார்கள், படமெடுத்துக்கொண்டார்கள். அடுத்த திங்கட்கிழமை இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மதியம் வரை வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த அக்கா வருவாள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கள் நான்காம் வகுப்பு ஆசிரியைக்கு வகுப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு மாதம் ஆயிற்று. உப்புக்காற்று பட்டு, சுவர்ச் சித்திரம் இரண்டே வருடத்தில் செதில் செதிலாக உதிர்ந்தது.

இன்னொரு பெண் தனியாக வந்தாள். ஐரோப்பியப் பெண், தமிழில் ஒரு சொல் தெரியாது. முதல் இரண்டு வாரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை மட்டும் பார்த்தாள். இவளால் என்ன ஆகப் போகிறது என்று நானே முணுமுணுத்திருக்கிறேன். பிறகு ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டு தினமும் ஒரு பாடவேளையை மட்டும் எடுத்தாள். ஆளுக்கொரு மீன் வரையச் சொன்னாள். பிள்ளைகள் தமிழ்ப் பெயர் எழுதினார்கள், அவள் ஆங்கிலப் பெயரைத் தேடி எழுதினாள். வாவல், நகரை, சூடை, காரல், பாரை, ஊளி, முரல், திருக்கை, விளைமீன் என்று ஏறிக்கொண்டே போய் நாற்பதைத் தாண்டியது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன்தான் அதில் பாதிக்கு மேல் சொன்னவன். அவளுக்கு ஆங்கிலப் பெயர் கிடைக்காத மீன்களுக்குக் கோடு மட்டும் போட்டு இடம் விட்டாள். ஊசி நூலால் தைத்த அந்தப் புத்தகம், அவள் போன பிறகும் பல வருடம் எங்கள் ஐந்தாம் வகுப்பில் பாடப் புத்தகம் போலவே புழங்கியது. விட்ட இடங்களைப் பிறகு வந்த பிள்ளைகள் நிரப்பினார்கள்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: ஆசிரியரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்காராதீர்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்தில் ஆங்கில இலக்கணம் வராது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் பயிற்சி நூல்களை நாள்கணக்கில் முடிக்க வேண்டிய கட்டாயம் ஆசிரியருக்கு இருக்கிறது. அதற்குள் நீங்கள் புகுந்து குழப்பினால் ஏச்சு வாங்குவது அவர்தான். உங்களால் முடிவது வேறு. சத்தமாகக் கதை வாசிப்பது, கூச்சமில்லாமல் நாலு ஆங்கில வாக்கியம் பேசவைப்பது, ஆசிரியைகளோடும் மாலையில் ஆங்கிலத்தில் பேசிப் பழகுவது. கடைசியாகச் சொன்னதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நீங்கள் போன பிறகும் அவர் அங்கேதானே இருக்கப் போகிறார்.

எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன் என்று வருத்தமாக எழுதியிருக்கிறீர்கள். அதைவிட நல்ல முதலீடு உங்களிடம் இல்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து தமிழ்க் கதைப் புத்தகத்தை நீங்களும் தட்டுத் தடுமாறி வாசியுங்கள். திருத்துவதற்குப் போட்டி போடுவார்கள். பெரியவர் ஒருவர் தங்களைப் போலவே தடுமாறுவதை அவர்கள் எங்கே பார்த்திருக்கிறார்கள்?

காலை வகுப்பில் ஒருவன் தூங்கினால் எழுப்புவதற்கு முன் அவன் விரல்களைப் பாருங்கள். விடியும் முன் தகப்பனோடு கரையில் நின்று வலையிலிருந்து மீன் கழற்றிவிட்டு வந்திருப்பான். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும், நாட்டுப்படகுகள் மற்ற நாள்களிலும் கடலுக்குப் போவது வழக்கம். அந்தக் கணக்கு பள்ளி வருகைப் பதிவேட்டிலும் தெரியும். அரசின் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரும் கொடுமை குறைந்திருக்கிறது. சில பிள்ளைகளின் தாய்மார் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த அப்படி ஒருவர், லட்சுமி மூர்த்தி, 2015இல் சீகாலஜி என்ற சர்வதேச விருது பெற்றார். இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பாசி எடுக்கிறவர் மகள் நிமிர்ந்து உட்காருவாள். அப்பா என்ன செய்கிறார் என்று மட்டும் எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டாம். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப் போன படகில் அந்த அப்பா இருக்கக் கூடும்.

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் என்றால் கதை வேறு. அங்கே பல வீடுகளில் வாப்பா வளைகுடா நாட்டில் இருப்பார். வெளிநாடு அந்தப் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. உங்களை லாத்தா, அதாவது அக்கா என்று கூப்பிடக் கூடும். நீங்கள் ‘பசியாறியாச்சா’ என்று கேட்டால் மதுரையில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இங்கே முஸ்லிம் வீடுகளில் அதே சொல்தான்.

அனுமதி விஷயம். மலேசியக் கடவுச்சீட்டுக்கு இந்தியாவின் இ-சுற்றுலா விசா கிடைக்கும். ஊதியமோ வேறு பிரதிபலனோ இல்லாத தன்னார்வப் பணியை அந்த விசாவில் அதிகபட்சம் ஒரு மாதம் செய்யலாம், அதற்கு மேல் கூடாது. மூன்று மாதம்தான் வேண்டும் என்றால் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் அழைப்போடு வேலை விசா கேட்க வேண்டும். எந்த நிறுவனம், எந்த இடம் என்று அதிலேயே குறிப்பார்கள். பாட்டனார் வழியில், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வாங்கியிருந்தால் விசாத் தொல்லை இல்லை. ஆனால் மதப் பணி, பத்திரிகைப் பணி, ஆராய்ச்சி மூன்றுக்கும் அந்த அட்டைக்காரரும் தனி அனுமதி வாங்க வேண்டும். என்னைக் கேட்டால், முதல் தடவை ஒரு மாதம் வந்து பாருங்கள். பிடித்திருந்தால் அடுத்த வருடம் அதே பள்ளிக்கே வாருங்கள். புதுப் பள்ளிக்கு மூன்று மாதம் வருகிறவரைவிட, அதே பிள்ளைகளிடம் இரண்டாம் தடவை வருகிறவருக்கு மதிப்பு அதிகம்.

அரசுப் பள்ளிக்குள் தலைமையாசிரியர் நினைத்தால்கூட உங்களை நேராக வகுப்பில் நிறுத்திவிட முடியாது. கல்வி அலுவலரின் எழுத்துமூல அனுமதி வேண்டும், பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நாளாகும். ஊராரோ, ஜமாஅத்தோ, பங்குக் கோயிலோ நடத்தும் மாலைநேரப் படிப்பு மையம் சுலபமான வழி. உங்கள் ஊர்ப் போலீஸின் நன்னடத்தைச் சான்று ஒன்று வாங்கி வாருங்கள். கேட்காவிட்டாலும் நீங்களாகக் கொடுங்கள். மூடிய அறையில் ஒற்றைப் பிள்ளையோடு இருக்க வேண்டாம். பிள்ளைகளின் முகத்தைப் படமெடுத்து இணையத்தில் போட வேண்டாம். ஏதாவது ஒரு பிள்ளை உங்களிடம் தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால் ரகசியம் காப்பதாக வாக்களிக்காமல் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098.

தங்குமிடம் விடுதியானாலும் வீடானாலும், வெளிநாட்டவர் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறையிடம் பதிய வேண்டியது தங்கவைக்கிறவர் பொறுப்பு. ‘நம்ம பிள்ளைதானே, எதற்கு’ என்று அன்பாக விட்டுவிடுவார்கள். நீங்கள் விடாதீர்கள். இது எல்லைக் கடல். கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸ் வந்து விசாரிப்பது சாதாரணம். கடவுச்சீட்டு நகல் எப்போதும் பையில் இருக்கட்டும். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, ஆகவே ட்ரோன் கொண்டுவரும் எண்ணமே வேண்டாம்.

எந்த மாதம்? பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு வந்துவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று மண்ணை வாரி இறைக்கும், தண்ணீருக்குக் குடம் வைத்த தள்ளுவண்டிகள் அலையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் என்றால் பள்ளி விடுமுறை, நீங்கள் வீட்டுக்குள் முடங்க வேண்டியதுதான். ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை மீன்பிடித் தடைக்காலம், பள்ளியும் கோடை விடுமுறையில் இருக்கும். ஜனவரிக் கடைசி, பிப்ரவரி இரண்டும் பொன்னான நாள்கள். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம் இருக்கிறது. அங்கிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக பஸ்ஸில் நான்கைந்து மணி நேரம்.

இனிச் சனி, ஞாயிறு. சில சனிக்கிழமைகள் பள்ளி வேலைநாளாகிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

முதல் வாரம் எங்கும் போகாமல் ஊர்க் கரையிலேயே இருங்கள். உங்கள் மாணவர்களே சுற்றிக்காட்டுவார்கள். இங்கே கடல் ஒன்றில்லை, இரண்டு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்று அடித்தால் வடகடல் கலங்கும், கச்சான் அடித்தால் தென்கடல் சீறும். தனுஷ்கோடியில் இரண்டுக்கும் நடுவே ஒரு தார்ச்சாலைதான். ஒரு பக்கம் குளம் போலக் கிடப்பதைப் பெண்கடல் என்றும் மறுபக்கம் குமுறுவதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். யார் வைத்த பெயரோ, எங்கள் வீட்டில் குமுறுவது நான்தான்.

தனுஷ்கோடிக்கு ராமேஸ்வரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் போங்கள், வெயில் ஏறினால் நிழலே கிடையாது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலே கடலுக்குள் போயிற்று. அதுவரை போட் மெயில் ரயிலில் வந்து இறங்கி, இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் மாறிக்கொண்டிருந்தார்கள். இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் பார்த்துவிட்டு அரிச்சல்முனை வரை போகலாம். அங்கே காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். மணல்திட்டு வரை படகில் கூட்டிப்போகிறேன் என்று யாராவது காதோடு சொன்னால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள். அது சர்வதேச எல்லைக்குப் போகிற வழி.

பாம்பனில் 1914ஆம் ஆண்டின் பழைய ரயில் பாலம் கப்பலுக்கு வழிவிட இரண்டு கைகளை விரிப்பது போலத் திறந்துகொண்டிருந்தது. அதைத் திறக்க ஆட்கள் சுற்றி நின்று நெம்புகோலைத் தள்ள வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று அப்படியே நெட்டுக்குத்தாக மேலே ஏறுகிறது. ராமேஸ்வரத்துக்குப் போகும்போது பஸ், திரும்பும்போது ரயில் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்துவிடலாம். ராமேஸ்வரம் கோயில் பிரகாரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பேக்கரும்பில் கலாம் நினைவிடத்துக்கு எல்லோரும் போகிறார்கள், போங்கள். அவர் படித்த ஷ்வார்ட்ஸ் பள்ளி ராமநாதபுரத்தில் இன்னும் நடக்கிறது என்பதுதான் எங்கள் பிள்ளைகளுக்கு முக்கியம்.

இன்னொரு சனிக்கிழமை திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை. மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபத்துக்குள் நிற்பது போலவே இருக்கும். பெண்கள் எதுவரை போகலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே ஒரு கடையில் தொதல் வாங்கிச் சாப்பிடுங்கள். தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் கிண்டிய கறுப்பு இனிப்பு. வாயில் போட்டதும் உங்களுக்கே தெரிந்துவிடும், உங்கள் ஊர் டோடோல் என்று. பாட்டனார் போன வழியில் பலகாரமும் போய்வந்திருக்கிறது.

தொண்டிக்கு எப்படியும் போவீர்கள். போகிற வழியில் காரங்காட்டில் இறங்கினால், அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகு விடுகிறது. ஓட்டுபவர்களும் சமைப்பவர்களும் அந்த ஊர் மீனவக் குடும்பத்தவர். ஓரியூர் பக்கம்தான். 1693இல் யேசு சபைத் துறவி புனித அருளானந்தர் கொல்லப்பட்ட இடத்தின் சிவந்த மண்ணை ஜனங்கள் இன்றும் முடிந்துகொண்டு போகிறார்கள். பறவை பார்க்கிற ஆசை இருந்தால் முதுகுளத்தூர் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களுக்குப் போகலாம். இரண்டும் உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை. மழை பொய்த்த வருடம் என்றால் கண்மாயும் இல்லை, பறவையும் இல்லை, ஊரில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். அந்த வழியெல்லாம் பிப்ரவரியில் களத்திலும் சாலை ஓரத்திலும் குண்டு மிளகாய் சிவப்புக் கம்பளம் விரித்தது போலக் காயும். ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று 2023இல் புவிசார் குறியீடு பெற்றது அதுதான்.

ராமேஸ்வரத்தில் பவளப்பாறைத் துண்டு என்று எதையாவது காட்டினால் வாங்காதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிற பொருள், விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

சுற்றிவிட்டு வந்து திங்கட்கிழமை காலை, போன இடத்தைப் பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். படகைத் தவறாகச் சொல்லியிருப்பீர்கள், காற்றைத் தவறாகச் சொல்லியிருப்பீர்கள். அதைத் திருத்தும் ஆவேசத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாயில் வந்துவிடும்.

என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டீர்கள். மிட்டாய் வேண்டாம், பழைய துணி வேண்டாம், பெட்டி பெட்டியாகப் பென்சில் வேண்டாம். புறப்படுவதற்கு முன் ஒரு நாள் விடிகாலை உங்கள் ஊர் மீன் சந்தைக்குப் போய், ஒவ்வொரு மீனாகப் படமெடுத்து, பின்னால் மலாய்ப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதி வாருங்கள். நாங்கள் வாவல் என்பதை உங்கள் ஊரில் பாவால் என்கிறார்களாமே. பாதிக்கு மேல் எங்கள் பிள்ளைகள் பார்த்த உடனே பெயர் சொல்லிவிடுவார்கள். மீதிக்கு நீங்கள் சொல்லிக்கொடுங்கள்.